155.52-ஐ 2.048-ஆல் வகுத்தால் 63 வராது

வணக்கம். பல சிறு இணைப்புகளைச் சேர்த்துச் சுமக்கும் எஸ்டிஎம்-1 என்ற தொலைத்தொடர்பு இணைப்பின் வேகமான நொடிக்கு 155.52 மெகாபிட்டை, இ1 என்ற சிறு இணைப்பின் 2.048-ஆல் வகுத்தால் 75.9 வருகிறது, கருவியோ 63 இ1-க்கு மேல் ஏற்க மறுக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கருவியில் பழுதில்லை.

எஸ்டிஎம்-1 ஃப்ரேம், அதாவது ஒரு தடவை அனுப்பும் தரவுத் தொகுப்பு, என்பது 9 வரிசை, 270 பத்தி கொண்ட அட்டவணை. அதில் கட்டத்துக்கு ஒரு பைட் (8 பிட்), நொடிக்கு 8000 ஃப்ரேம். 9 × 270 × 8 × 8000 போட்டுப் பாருங்கள், 155.52 மெகாபிட் துல்லியமாக வரும். முதல் 9 பத்திகள் நிர்வாகத் தகவலுக்குப் போய்விடும். மீதி 261-இல் ஒவ்வோர் இ1-ம் தன் உறையோடு 4 பத்திகளைப் பிடித்துக்கொள்கிறது, அதாவது 2.304 மெகாபிட். அப்படியும் 65 வருமே என்பீர்கள். இ1-கள் தனித்தனியாக ஏறுவதில்லை. மூன்று சேர்ந்து ஒரு கட்டு, ஏழு கட்டு ஒரு மூட்டை, மூன்று மூட்டை ஒரு ஃப்ரேம்: 63. மிஞ்சும் 9 பத்திகளில் பாதைத் தகவலும் வெறும் நிரப்பலும்.

எஸ்டிஎம்-16 என்றால் 16-ஆல் பெருக்குங்கள்: 2488.32 மெகாபிட், 1008 இ1. அமெரிக்கக் கையேடுகளில் ஓசி-48 என்று வருவதும் இதே வேகம்தான். மெகா என்பது இங்கே பத்து லட்சம். 1024 கணக்கைக் கொண்டுவந்தால் (நானும் ஒருமுறை கொண்டுவந்தேன்) எந்த எண்ணும் பொருந்தாது.