கால்பந்தில் ஒரே மாதிரி உதைக்கு ஒருவருக்கு மஞ்சள் அட்டை, இன்னொருவருக்குச் சிவப்பு அட்டை: ஏன்?
ஃபவுலை நடுவர் மூன்று படியாகப் பார்க்கிறார். வெறும் கவனக்குறைவு என்றால் எதிரணிக்கு ஃப்ரீ கிக் (தடையில்லாமல் பந்தை உதைக்கும் வாய்ப்பு) மட்டும். எதிராளிக்கு என்ன ஆகும் என்று யோசிக்காமல் பாய்ந்தால் மஞ்சள், அதாவது எச்சரிக்கை. ஆளுக்கே ஆபத்தான முரட்டுத்தனம் என்றால் சிவப்பு, ஆட்டத்தை விட்டே வெளியேற வேண்டும்.

வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பில் வண்டி ஓட்டியவர்களுக்கு இது சட்டென்று புரியும்: பார்க்காமல் திரும்புகிறவர், தெரிந்தே குறுக்கே நுழைகிறவர், ஆள் நிற்பதைப் பார்த்தும் ஆக்சிலேட்டரை முறுக்குகிறவர். இவர்களுக்கு நடுவே கோடு போட்டு வைக்கவில்லை. பார்க்கிறவர் நிற்கும் இடத்தைப் பொறுத்து மாறும். 2010 உலகக் கோப்பை இறுதியில் நெதர்லாந்தின் டி யோங், ஸ்பெயினின் சாபி அலோன்சோவின் நெஞ்சிலேயே உதைத்தார், கிடைத்தது மஞ்சள். நடுவர் ஹோவர்ட் வெப்புக்குப் பார்வை மறைத்திருந்ததாம். சரி, ரசிகனுக்கு வயிறு எரியாதா?

அப்புறம், "பந்தைத்தானே முதலில் தொட்டான்" என்று கத்துவார்கள். பந்தைத் தொட்டாலும், கூடவே ஆளை ஆபத்தாக இடித்தால் சிவப்பு உண்டு.