ஊருக்கு பஸ் வர எத்தனை பேர் இருக்கணும்?

கேள்வி: திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கள் ஊர். 110 வீடு. ஆற்றங்கரையிலேயே 3 கி.மீ. நடந்தால்தான் மெயின் ரோடு. அங்கிருந்து டவுன் 9 கி.மீ. பஸ் கேட்டு மனு கொடுத்தோம். ‘500 பேராவது இருக்கணும், ஜனத்தொகை பத்தாது’ என்று சொல்லிவிட்டார்கள். எத்தனை பேர் இருந்தால் பஸ் விடுவார்கள்?

பதில்: அந்த 500-ஐ முதலில் மறந்துவிடுங்கள். அது ரோட்டுக்கான கணக்கு. 2000-இல் தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில், சமவெளியில் 500 பேருக்குக் குறையாத குடியிருப்புக்குத் தார்ச்சாலை போட வைத்த அளவு அது. அதற்கும் அப்போது 2001 கணக்கெடுப்புதான் அடிப்படை. பஸ்ஸுக்கு இத்தனை தலை வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் எங்கும் சொல்லவில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேட்டில் உங்கள் வருவாய் கிராமத்தைத் தேடிப் பாருங்கள். பஸ் வசதி உண்டா, இல்லையென்றால் 5 கி.மீ.க்குள்ளா, 5 முதல் 10-க்குள்ளா, அதற்கும் மேலா என்று குறித்திருப்பார்கள். டெல்டாவில் ஒரே வருவாய் கிராமத்துக்குள் குடித்தெரு, காலனி, வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் நாலு வீடு என்று சிதறிக் கிடக்கும். மெயின் ரோடு கிராமத்தின் ஒரு மூலையைத் தொட்டுக்கொண்டு போனாலே ஏட்டில் ‘பஸ் உண்டு’ என்று விழுந்திருக்கலாம். அப்படியிருந்தால் மனுவின் முதல் வரியிலேயே, உங்கள் குடியிருப்பின் பெயரையும் தூரத்தையும் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது, உங்கள் ஊரை மட்டும் எண்ணாதீர்கள். தடத்தை எண்ணுங்கள். தமிழக அரசின் புதிய மினி பஸ் திட்டம் 2025 ஜூனில் தஞ்சாவூரில்தான் தொடங்கியது. அதன்படி ஒரு தடம் 25 கி.மீ.க்கு மேல் போகக்கூடாது; அதில் 65 சதவீதமாவது பஸ்ஸே ஓடாத பாதையாக இருக்கவேண்டும். உங்கள் 12 கி.மீ.யில் பஸ் ஓடாதது 3 மட்டும்தான். கால் பங்கு. நேராகக் கேட்டால் தள்ளிவிடுவார்கள். அதே 12 கி.மீ. தடத்துக்கு, பஸ் ஓடாத பாதை 7.8 கி.மீ. வேண்டும். ஆகவே வாய்க்கால்கரையோடு அடுத்தடுத்த மூன்று நான்கு ஊர்களைச் சேர்த்து, டவுன் நெருங்கும்போது மட்டும் மெயின் ரோட்டில் ஏறுகிற மாதிரி ஒரு வரைபடம் போடுங்கள். ஆள்கணக்கும் தானாகக் கூடிவிடும்.

மினி பஸ் தனியாருடையது, பெண்களுக்கும் டிக்கெட் உண்டு. அரசு டவுன் பஸ்ஸில் 2021 மே முதல் அவர்களுக்குக் கட்டணமில்லை. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்களுக்கு இந்த வித்தியாசம் பெரிது. அதனால், மெயின் ரோட்டில் போகும் அரசு பஸ்ஸைக் காலை ஒரு ட்ரிப், மாலை ஒரு ட்ரிப் ஊருக்குள் நீட்டிக்கச் சொல்லி பணிமனைக் கிளை மேலாளரிடமும் கேளுங்கள். என்னைக் கேட்டால் இதுதான் முதல் மனு.

இங்கேதான் மதகு குறுக்கே வரும். பெரிய பஸ் 2.6 மீட்டர் அகலம் வரை இருக்கும். நம் பக்கத்து மதகுப் பாலங்கள் பல, மாட்டுவண்டி போன காலத்தில் கட்டியவை. டேப்பை எடுத்துக்கொண்டு போய் இரண்டு கைப்பிடிச் சுவருக்கும் நடுவே அளந்து எழுதுங்கள். பஸ் திரும்ப இடம் எங்கே என்பதையும் காட்டுங்கள். நெல் களமோ கோயில் திடலோ இருந்தால் போதும். கரை சரிந்திருந்தால் நீர்வளத்துறைக்குத் தனி மனு. இதையெல்லாம் ஐப்பசி மழையில் ஒருமுறை நடந்து பார்த்து எழுதுங்கள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சைக்கிளைச் சேற்றில் தள்ளிக்கொண்டு பிள்ளைகள் போவது அப்போதுதான் தெரியும். ஒரு போட்டோவும் வையுங்கள்.

கிராம சபையில் தீர்மானம் போட்டுவிட்டுப் போனால் மனுவுக்குக் கனம் கூடும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 – எது பக்கத்தில் வருகிறதோ அது. தட ஊராட்சிகள் எல்லாவற்றிலும் ஒரே நாளில் போடச் சொல்லுங்கள். நகல்களைத் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கலெக்டரிடம் கொடுத்து, ரசீது வாங்குங்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் ஒன்று. பள்ளிக்கூட மணி அடிக்கும் நேரத்தைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். பஸ் வந்தும் 10 மணிக்கு வந்தால் பிள்ளைகள் நடக்கத்தான் வேண்டும்.