எழுத்துத் தெரிந்த பிள்ளை புதுப் பாடத்தைக் கண்டால் ஏன் முழிக்கிறது?

இரண்டாம் வகுப்பு மகளுக்கு எழுத்தெல்லாம் தெரியும், ஆனால் படிக்காத கதையை நீட்டினால் திணறுகிறாள், என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக யாராவது உங்களிடம் "பிள்ளை கொஞ்சம் மந்தம்" என்று சொல்லியிருப்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு எரிச்சலான குடும்பம் எங்களுடையது. அதனால்தான் எழுதுகிறேன்.

பாம்பனில் இருக்கும் என் அக்கா மகன் மூன்றாம் வகுப்பு. அரசுப் பள்ளியின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அவரவர் கற்ற அளவுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரிப்பார்கள். கூட்டாளிகள் மொட்டு, மலர் என்று ஏறிப்போக, இவன் முதல் நிலையான அரும்பிலேயே நின்றான். ஒருநாள் அவனுக்குக் கொடுத்திருந்த தாளில் களத்துமேடு, கதிரடிப்பு, வைக்கோல்போர் என்று ஒரு விவசாயி கதை. எழுத்துக்கூட்டி முடித்துவிட்டான். என்னடா நடந்தது என்றால் கூரையைப் பார்க்கிறான்.

அதே பிள்ளை கார்த்திகை மாதம் டீக்கடைப் பேப்பரில், "பாம்பன் துறைமுகத்தில் 3ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது" என்று வாசித்தான். கடைசி வார்த்தையில் கொஞ்சம் திக்கினான். 'ஏற்ற' வரை வந்ததும் மீதியை அவனே பிடித்துக்கொண்டான். "அப்பா கடலுக்குப் போகாது சித்தி, டோக்கன் குடுக்க மாட்டாங்க" என்று, படகுக்குக் கொடுக்கும் அனுமதிச் சீட்டைப் பற்றி, பேப்பரில் இல்லாததையும் சேர்த்துச் சொன்னான். கூண்டு ஏறினால் அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்த பிள்ளைக்கு எவ்வளவு நீளமான வார்த்தையும் வழிவிடுகிறது. களத்துமேட்டை அவன் கண்ணாலும் கண்டதில்லையே.

அறுப்பு நேரத்தில் ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குக் கூட்டிப்போனேன்.    

 வயலையும் வைக்கோல்போரையும் பார்த்து வந்த பிறகு அதே தாளை எடுத்தோம். முதலில் படத்தை மட்டும் காட்டி, இந்த ஆள் என்ன செய்யப்போகிறார் என்று கேட்டேன். அப்புறம் நான் ஒருமுறை சத்தமாக வாசித்தேன், எழுத்துத் தமிழ் காதில் விழட்டும் என்று. வீட்டில் 'போயிட்டாங்க' என்று பேசுகிற பிள்ளைக்குத் தாளில் 'சென்றுவிட்டார்கள்' என்று இருந்தால் அதுவே பாதி அந்நியம். மூன்றாவதாகத்தான் அவன் வாசித்தான். நடுவில் நிறுத்தி, "மழை வந்தா நெல்லு நனைஞ்சிருமே, ஏன் மூடல?" என்றான். எனக்கு அது போதும்.

எல்லாப் பாடத்துக்கும் ஊர் சுற்ற முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது. பெரும்பாலும் ஐந்து நிமிடப் பேச்சே போதும்: யானைக் கதை என்றால் முதலில் கோயில் யானையைப் பற்றிப் பேசுங்கள். ஆசிரியர்களைக் குறை சொல்கிறேன் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம், ஒரே அறையில் மூன்று வகுப்பை வைத்துக்கொண்டு அவர்களால் எவ்வளவுதான் செய்ய முடியும்?

ஒன்று மட்டும். உங்கள் மகள் கொ, கே, கை போன்ற கொம்பு எழுத்துகளிலேயே இன்னும் தடுமாறினால் இதெல்லாம் கைகொடுக்காது. கொம்பு முன்னால் நிற்கும், சத்தம் பின்னால் வரும்; சின்னப் பிள்ளைகளுக்கு அது குழப்பம்தான். அப்படியானால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், கதை அப்புறம்.