‘ஃப்ரீலான்ஸ்’ என்று சொல்லிவிட்டால் சேமநிதி கிடையாதா?

கேள்வி: கெடா, கோல கெட்டிலில் ஒரு டியூஷன் மையத்தில் இரண்டு வருடமாகக் கணிதம் சொல்லித் தருகிறேன். வயது 26. மணிக்கு 12 வெள்ளி, வாரம் 16 மணி நேர வகுப்பு. வகுப்பில்லாத நேரத்திலும் மையத்திலேயே உட்கார்ந்து தாள் திருத்த வேண்டும், கட்டணம் வாங்கி ரசீது எழுத வேண்டும். எல்லாம் சேர்த்தால் வாரம் 28 மணி நேரம் ஆகிறது. வேறு வருமானம் இல்லை. சேமநிதி, சொக்சோ (தொழிலாளர் சமூகக் காப்புறுதி) பற்றிக் கேட்டால், “நீ ஃப்ரீலான்ஸ்மா” என்கிறார் மைய முதலாளி. பெற்றோர் கட்டணம் கட்டவில்லை என்று இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. வேலையை விட்டால் 2 வருடத்துக்கு இந்த வட்டாரத்தில் டியூஷன் நடத்தக் கூடாது என்று ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார். அவர் என் அப்பாவின் நண்பர், கோவில் கமிட்டியில் இருப்பவர். “கேஸ் கீஸ்னு போயிடாதே” என்கிறார் அப்பா. என்ன செய்வது?
– பெயர் வேண்டாம்

பதில்: தங்கச்சி, உங்கள் முதலாளிக்குக் கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. எத்தனை மணிக்கு வர வேண்டும், எந்தப் பாடம் எடுக்க வேண்டும், யார் ரசீது எழுத வேண்டும் என்பதையெல்லாம் அவரே சொல்வாராம். சேமநிதி என்று வந்தால் மட்டும் நீங்கள் தனி ஆளாம்.

வாயால் ஃப்ரீலான்ஸ் என்று சொல்வதால் ஒன்றும் ஆகிவிடாது. மலேசியாவின் 1955 வேலைச் சட்டத்தில் செய்த திருத்தம் 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதில் 101C என்று ஒரு பிரிவு. எழுத்துப்பூர்வமான வேலை ஒப்பந்தம் இல்லாதபோது, வேலையையும் நேரத்தையும் கட்டுப்படுத்துவது யார், கருவிகளைக் கொடுப்பது யார், அந்த வேலை முதலாளியின் தொழிலின் முக்கியப் பகுதியா, வருமானத்தில் பெரும்பகுதி அங்கிருந்து தவறாமல் வருகிறதா என்பதையெல்லாம் பார்த்து, ஊழியர் என்றே எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. இல்லை என்று காட்டுவது அவர் பொறுப்பு. டியூஷன் மையத்தில் கணக்கு சொல்லித் தருவது தொழிலின் முக்கியப் பகுதி இல்லையென்றால் வேறு எதுதான் முக்கியம்?

இப்போது உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். 4 வாரத்துக்கு 64 மணி நேர வகுப்பு, 768 வெள்ளி. ஆனால் நீங்கள் மையத்தில் இருந்தது 112 மணி நேரம். முதலாளியின் ஏவலில், உங்கள் இஷ்டத்துக்குப் போய்வர முடியாமல் இருக்கும் நேரமும் வேலை நேரம்தான். அப்படிப் பார்த்தால் மணிக்கு 6 வெள்ளி 86 காசுதான் கிடைக்கிறது. குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, மணிக்கு 8 வெள்ளிக்கு மேல். 2025 ஆகஸ்ட் 1 முதல் ஐந்து பேருக்கும் குறைவாக வேலைக்கு வைத்திருப்பவர்களுக்கும் இதே விகிதம்தான். அதன்படி 112 மணி நேரத்துக்கு 900 வெள்ளிக்கு மேல் வர வேண்டும். ‘மணிக்கு 12’ என்று கேட்கும்போது நல்ல சம்பளம் போலத்தான் இருக்கிறது!

சேமநிதியில் முதலாளியின் பங்கு 13 விழுக்காடு. இப்போது வாங்கும் 768 வெள்ளிக்கே மாதம் ஏறக்குறைய 100 வெள்ளி உங்கள் கணக்கில் சேர்ந்திருக்க வேண்டும். பகுதி நேர வேலைக்கும் இது உண்டு, சொக்சோவும் உண்டு.

பாக்கிச் சம்பளத்தில் மழுப்பவே இடமில்லை. சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். பெற்றோர் கட்டவில்லை என்பது அவர் வியாபாரத்தின் சிக்கல். கட்டணம் நிறைய வந்த மாதத்தில் உங்களுக்குக் கூடுதலாகக் கொடுத்தாரா என்ன?

சரி, அப்பாவின் கவலைக்கு வருவோம். கோவிலில் முகம் பார்த்துப் பழகுபவர்கள், அது நியாயமான தயக்கம்தான். அதனால் எடுத்த எடுப்பில் புகார் வேண்டாம். முதலில் ஒரு நோட்டில் கடந்த மாதங்களின் தேதி, வந்த நேரம், போன நேரம், செய்த வேலை எல்லாவற்றையும் எழுதுங்கள். “நாளைக்கு 2 மணிக்கே வந்துடு” என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள், வங்கிக் கணக்கு அறிக்கையையும் எடுத்து வையுங்கள். அப்புறம் மரியாதையாக ஒரு செய்தி: “அண்ணே, இரண்டு மாதச் சம்பளம் பாக்கி இருக்கு. இந்த மாதம் 15க்குள்ள போட்டுடுங்க. சேமநிதி, சொக்சோ பதிவு பற்றியும் பேசணும், எப்போ வரட்டும்?” இதை நேரில் சொன்னால் காற்றோடு போய்விடும். எழுத்தில் கேளுங்கள்.

தேதி தாண்டியும் பதில் இல்லையென்றால் சுங்கை பட்டாணி தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள். வழக்கறிஞர் தேவையில்லை. இலாகா இரு தரப்பையும் கூப்பிட்டு விசாரிக்கும். அப்பா பயப்படுகிற மாதிரி இது போலீஸ் கேஸ் இல்லை. கேட்டதற்காக உங்களை வேலையை விட்டு நீக்கினால், தொழில் உறவுச் சட்டத்தின் கீழ் மனு கொடுக்க 60 நாள்தான் அவகாசம். அதைத் தள்ளிப் போடாதீர்கள்.

ஃப்ரீலான்ஸாகவே இருக்கலாம் என்று அவர் உண்மையிலேயே சொன்னால் அதுவும் மோசமில்லை. ஆனால் நேரத்தையும் விலையையும் நீங்கள்தான் வைப்பீர்கள், ரசீது எழுத வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கென்னவோ அவர் அதற்கு ஒத்துக்கொள்வார் என்று தோன்றவில்லை.

கையெழுத்துப் போட்ட தாளை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். வேலையை விட்ட பிறகு பிழைப்பு நடத்தக் கூடாது என்று தடுக்கும் ஒப்பந்தம், 1950 ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவுப்படி அந்த அளவுக்குச் செல்லாது. மையத்தின் பயிற்சித் தாள்களையும் மாணவர் பட்டியலையும் மட்டும் எடுத்துக்கொண்டு வராதீர்கள். தனியாக மையம் தொடங்குவதாக இருந்தால், 1996 கல்விச் சட்டப்படி முதலில் பதிவு செய்துவிடுங்கள்.