தோலில் ஒட்டும் சர்க்கரை சென்சார்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

சென்சார் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள், ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். மருந்து, இன்சுலின் அளவை மாற்றுவதை மட்டும் உங்கள் மருத்துவரிடம் பேசியே செய்யுங்கள்.

கேள்வி: சார், கையில் ஒட்டிய சென்சார் 142 காட்டுகிறது, அதே நேரத்தில் விரலில் குத்திப் பார்த்தால் 165. எதை நம்புவது?

பதில்: இரண்டுமே சரியாக இருக்கலாம். சென்சாரின் மெல்லிய இழை ரத்தக்குழாய்க்குள் போவதில்லை, தோலுக்கடியில் செல்களுக்கு நடுவே இருக்கும் திரவத்தில்தான் கிடக்கிறது. சர்க்கரை முதலில் ரத்தத்தில் ஏறி அப்புறம்தான் அங்கே கசிந்து வரும், அதற்கு 5 முதல் 15 நிமிடம் வரை பிடிக்கும். போதாததற்கு விரலில் குத்திப் பார்க்கும் குளுக்கோமீட்டருக்கும் பிழை உண்டு: 100க்கு மேல் போனால் 15 சதவீதம் வரை முன்பின் இருப்பதை அதன் சர்வதேசத் தரமே அனுமதிக்கிறது. அதனால் சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் குழம்ப வேண்டாம், சர்க்கரை அசையாமல் இருக்கும் வேளையில் பாருங்கள், வெறும் வயிறு நல்ல நேரம்.

நான் கவலைப்படுவது சர்க்கரை இறங்கும்போதுதான். ரத்தத்தில் 62 ஆகிவிட்டிருக்கும், சென்சார் இன்னும் 80 என்று சொல்லிக்கொண்டிருக்கும். எண்ணை மட்டும் பார்க்காமல், சர்க்கரை ஏறுகிறதா இறங்குகிறதா என்று பக்கத்தில் காட்டும் அம்புக்குறியையும் பாருங்கள். 80ம் கீழ்நோக்கிய அம்பும் சேர்ந்தால் அது எச்சரிக்கை. கை நடுங்குகிறது, வியர்க்கிறது, ஆனால் சென்சார் நன்றாக இருக்கிறது என்கிறதா? விரலில் குத்துங்கள். குறைந்துதான் இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் சாப்பிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடியும் விரலிலேயே பாருங்கள், ஏனென்றால் ரத்தத்தில் ஏறிய பிறகும் சென்சார் கொஞ்ச நேரம் குறைவாகவே காட்டும், அதைப் பார்த்துப் பயந்து இன்னும் இன்னும் சாப்பிட்டு 250க்குக் கொண்டு போய்விடுகிறார்கள்.

கேள்வி: அண்ணா, தினமும் நடு இரவில் அலாரம் அடித்து எழுப்புகிறது. 55 என்கிறது, எழுந்து உட்கார்ந்தால் தானாக 100க்கு வந்துவிடுகிறது!

பதில்: எந்தக் கையில் ஒட்டியிருக்கிறீர்களோ அந்தப் பக்கமே படுக்கிறீர்களா தம்பி? உடம்பின் எடை அழுத்தும்போது அந்த இடத்துக்குத் திரவமும் ரத்தமும் சரியாக வராது, சென்சார் குறைவாகக் காட்டும். வரைபடத்தில் திடீரென்று பள்ளம் விழுந்து, புரண்டு படுத்ததும் அதே வேகத்தில் மேலே வந்திருந்தால் பெரும்பாலும் அதுதான். ஆனால் இரவில் இன்சுலின் போடுபவர் என்றால் ஊகித்துவிட்டுத் தூங்க வேண்டாம், ஒரு முறை குத்திப் பார்த்துவிடுங்கள். அடுத்த சென்சாரை மற்றக் கையில் ஒட்டுங்கள்.

கேள்வி: சளி மாத்திரை, வைட்டமின் மாத்திரை சாப்பிட்டால் சென்சார் தப்பாகக் காட்டும் என்கிறார்களே?

பதில்: சிலவற்றில் உண்மை. பெரும்பாலான சென்சார்களின் இழையில் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி பூசப்பட்டிருக்கும். 1962ல் லேலண்ட் கிளார்க், லயன்ஸ் என்ற ஆய்வாளர்கள் முன்வைத்த யோசனை அது. நொதி சர்க்கரையோடு வினைபுரியும், அதிலிருந்து வரும் மிகச் சிறிய மின்னோட்டத்தைத்தான் கருவி எண்ணாக மாற்றுகிறது. வேறு ஏதாவது ஒரு பொருளும் அந்த மின்முனையில் போய் மின்னோட்டத்தைக் கொடுத்தால் அதையும் சர்க்கரை என்றே எண்ணிக்கொள்ளும். பழைய சில மாடல்களில் பாராசிட்டமால் இப்படித்தான் அளவைக் கூட்டிக் காட்டியது, சில மாடல்களில் நாளுக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி எடுத்தாலும் அப்படித்தான். சில ரத்த நோய்களுக்கும் புற்றுநோய்க்கும் தரும் ஹைட்ராக்ஸியூரியா மருந்தைச் சாப்பிடுபவர்கள் கட்டாயம் மருத்துவரிடம் கேட்க வேண்டும். பொய்யாகக் கூடிய எண்ணை நம்பி இன்சுலின் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து, அதனால் உங்கள் மாடலின் கையேட்டில் மருந்துகள் பற்றிய பக்கத்தை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

கேள்வி: ஊசியே இல்லாமல் சர்க்கரை பார்க்கும் மோதிரம், வாட்ச் விளம்பரம் பார்த்தேன். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. தோலைத் துளைக்காமல் தானாகவே சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் வாட்ச், மோதிரம் எதற்கும் தான் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. தோலில் ஒட்டிய சென்சாரின் எண்ணை வாங்கி வாட்சில் காட்டுவது வேறு, அது சரி.

கேள்வி: எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், கழற்ற வேண்டுமா?

பதில்: அது மாடலைப் பொறுத்தது, சிலவற்றைக் கழற்றத்தான் வேண்டும். கையேட்டைப் பார்த்துவிட்டு ஸ்கேன் எடுப்பவரிடமும் முன்பே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எனக்கு டைப் 2, மாத்திரை மட்டும்தான். இவ்வளவு எண்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பதில்: ஒவ்வொரு எண்ணுக்கும் பதற வேண்டாம். 70க்கும் 180க்கும் நடுவே எவ்வளவு நேரம் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு இலக்கு 70 சதவீதத்துக்கு மேல், அதாவது நாளில் ஏறக்குறைய 17 மணி நேரம். 70க்குக் கீழே இருக்கும் நேரம் 4 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வயதானவர்களுக்கு இலக்கைத் தளர்த்திக் கொடுப்பார்கள். எப்போதும் ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதும் இல்லை, ஒரு சென்சாரின் காலம் முழுக்கச் சாப்பிட்ட நேரம், நடந்த நேரம், தூங்கிய நேரத்தைக் குறித்து வைத்து அறிக்கையோடு மருத்துவரிடம் போனால் பேச நிறையக் கிடைக்கும். ஒட்டிய முதல் நாள் எண்கள் சற்றுத் தடுமாறும், அதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.