சங்கத்துக் கணக்குப் புத்தகமும் அனுபவம்தான்

கேள்வி: அக்கா, நான் புதுக்குடியிருப்பு. 2009 டிசம்பரில் வவுனியா மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்துதான் சாதாரண தரம் எழுதினேன், ஆறு பாடம் சித்தி. அதற்கு மேல் படிக்க முடியவில்லை. பத்து வருடமாக எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பொருளாளர். கிளிநொச்சியில் களஞ்சிய உதவியாளர் வேலைக்கு விளம்பரம் வந்திருக்கிறது. சுயவிபரக்கோவையில் எழுத என்னிடம் என்ன இருக்கிறது?

பதில்: தங்கச்சி, பத்து வருடம் ஊர்ப் பெண்களின் காசை வாங்கி வைத்துக் கணக்குக் காட்டியிருக்கிறீர்கள். களஞ்சியத்துக்கு ஆள் எடுப்பவர் முதலில் தேடுவதே அதைத்தான். அதைக் கடைசியில் "சமூகப் பணி" என்று ஒதுக்கிவிடாதீர்கள். பெயர், முகவரி, தொலைபேசிக்கு அடுத்ததாகவே "அனுபவம்" என்று தலைப்பிட்டு விரித்து எழுதுங்கள். இப்படி: "42 அங்கத்தவர்களின் சேமிப்பையும் சுழற்சிக் கடனையும் காசுப் புத்தகத்தில் பதிந்து, மாத முடிவில் வங்கிக் கூற்றோடு சரிபார்த்தேன்." 42 என்பது என் உதாரணம். உங்கள் எண்ணிக்கையைப் புத்தகத்தைத் திறந்து பார்த்தே போடுங்கள், நேர்முகத்தில் அதைத்தான் கிண்டிக் கேட்பார்கள். சங்கம் உரமோ விதைநெல்லோ இறக்கிப் பங்கிட்டிருந்தால் அது அப்படியே களஞ்சிய வேலை. அதற்குத் தனி வரி கொடுங்கள்.

படிப்புக்கு "க.பொ.த. சாதாரண தரம், 2009, 6 பாடங்கள் சித்தி" என்பது போதும். ஏன் நின்றது என்று எழுத வேண்டியதில்லை. கேட்டால் நிமிர்ந்திருந்து சொல்லுங்கள். அந்த முகாமுக்குள் இருந்து ஆறு பாடம் எடுத்தது சின்ன விஷயமில்லை. சான்றிதழ் கைவசம் இல்லையென்றால் பரீட்சைத் திணைக்களத்துக்கு இணையவழியாகவே விண்ணப்பிக்கலாம்.

ரைப் பண்ணும் கடையில் பழைய கோப்பொன்றில் பெயரை மட்டும் மாற்றித் தர விடாதீர்கள். நான் நேர்முகக் குழுவில் இருந்த ஒருநாள், முல்லைத்தீவுப் பிள்ளை ஒருவரின் கோவையில் வேறு யாருடையதோ கிராம அலுவலர் பிரிவு இருந்தது. பக்கத்தில் இருந்தவர் அதோடு தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டார். நல்ல பிள்ளை. எனக்கு இன்றைக்கும் மனம் ஆறவில்லை. அச்செடுக்க முதல் ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசியுங்கள்.

உயரம், மதம் ஒன்றும் வேண்டாம், ஒரு பக்கம் காணும். விளம்பரம் ஆங்கிலத்தில் என்றால் கோவையும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். பெயரின் எழுத்துக்கூட்டல் மட்டும் அடையாள அட்டையில் உள்ளபடியே.

உறவினரல்லாத இருவரின் பெயர் போடும்போது சங்கக் கணக்கைப் பார்த்த கிராம அபிவிருத்தி உத்தியோகத்தரைக் கேளுங்கள். உங்கள் புத்தகத்தை அறிந்தவர் அவர்தான். கேட்காமல் போட்டுவிட வேண்டாம். உங்கள் இலக்கத்தோடு வீட்டில் இன்னொருவரின் இலக்கத்தையும் சேருங்கள்; வயலில் நிற்கும்போது சிக்னல் இல்லாமல் நேர்முக அழைப்பைத் தவறவிட்டவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர்.