நாகோயா கூப்பிடுகிறது, போகலாமா? – தொழில் கேள்வி பதில்

கேள்வி: மோட்டார் வாகனங்களுக்கு ரப்பர் உறைகளும் வளையங்களும் வார்க்கும் சிறு பட்டறை எங்களுடையது, முப்பது பேர் வேலை செய்கிறார்கள். அண்மையில் ஒரு வணிகக் கூட்டத்தில் ஜப்பானின் நாகோயா வட்டாரத்தைப் பற்றிய கையேடு ஒன்றைக் கொடுத்தார்கள். நாட்டின் நட்டநடுவில் இருக்கிறது, டோக்கியோவும் ஒசாகாவும் பக்கம், விமான நிலையமும் துறைமுகமும் உண்டு, வெளிநாட்டு முதலீட்டாளரை வரவேற்கிறோம் என்று அதில் எழுதியிருக்கிறது. இதில் உண்மை எவ்வளவு, விளம்பரம் எவ்வளவு?
– டர்பன், மோபெனி வாசகர்

பதில்: தூரக் கணக்கில் பொய் இல்லை ஐயா. டோக்கியோவிலிருந்து நாகோயாவுக்கு நொசோமி அதிவேக ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நாற்பது நிமிடம். அங்கிருந்து ஒசாகாவுக்கு ஐம்பது நிமிடம். இசே விரிகுடாவில் கடலைத் தூர்த்து எழுப்பிய தீவின்மேல் 2005-இல் திறக்கப்பட்ட சூபு சென்ட்ரேர் விமான நிலையத்துக்கு, நகரின் பெரிய நிலையத்திலிருந்து அரை மணிக்குள் ரயிலில் போய்விடலாம். கையாளும் சரக்கின் மொத்த எடையைக் கொண்டு பார்த்தால் நாகோயாத் துறைமுகம் ஜப்பானிலேயே முதலிடத்தில் நிற்பது. காந்த விசையால் மிதந்தோடும் புது ரயில் வந்துவிட்டால் டோக்கியோ நாற்பதே நிமிடம் என்றும் கையேட்டில் ஒரு வரி இருந்தால், அதை மட்டும் பேனாவால் அடித்துவிடுங்கள். 2027-இல் ஓடும் என்று சொல்லப்பட்ட அந்த ரயில், மலையைக் குடைந்தால் ஓய் ஆற்றின் நீர் குறைந்துவிடும் என்று ஷிசுவோகா மாநிலம் எழுப்பிய எதிர்ப்பால் தாமதமாகி, குறித்த ஆண்டில் ஓடாது என்று ரயில் நிறுவனமே 2024-இல் ஒப்புக்கொண்டாயிற்று. ஓடாத ரயிலை நம்பிக் கடை விரிக்க முடியாது.

முப்பது ஆண்டுகள் டர்பன் துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்டாக இருந்தவன் நான். கப்பல் வந்து நிற்கும் ஊரிலெல்லாம் வியாபாரம் நடப்பதில்லை என்பதை அங்கே கண்ணால் பார்த்திருக்கிறேன். துறைமுகமும், 2010-இல் திறந்த கிங் ஷாகா விமான நிலையமும், அதையொட்டிய டியூப் டிரேட்போர்ட் தொழிற்பேட்டையும் நமக்கும்தான் இருக்கின்றன. ஆகவே நாகோயாவைப் பார்க்கும்போது தண்டவாளத்தையும் ஓடுபாதையையும் விட்டுவிட்டு, பட்டறைக்கும் பட்டறைக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

அதற்கு ஒரு பழைய சம்பவம் போதும். 1997 பிப்ரவரி 1-ஆம் தேதி, நாகோயாவுக்கு அருகிலுள்ள கரியா என்ற ஊரில் ஐசின் நிறுவனத்தின் ஆலை ஒன்று தீப்பற்றி எரிந்தது. டொயோட்டா கார்களின் பிரேக்கில் அழுத்தத்தைச் சீர்செய்யும் ஒரு சிறிய வால்வு, கையளவுதான் இருக்கும், ஏறக்குறைய முழுவதும் அந்த ஓர் ஆலையிலேயே செய்யப்பட்டுவந்தது. தேவையானதைத் தேவையான நேரத்தில் மட்டும் வரவழைப்பது டொயோட்டாவின் வழக்கம் என்பதால் கையிருப்பு சில மணி நேரத்துக்கே இருந்தது. ஓரிரு நாளில் ஜப்பானிலுள்ள டொயோட்டா ஆலைகள் ஏறத்தாழ அத்தனையும் நின்றன. பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. ஐசின் தன் வரைபடங்களை எடுத்து வெளியே கொடுத்தது. வட்டாரத்திலிருந்த பட்டறைகள் விலையைப் பற்றிப் பேசாமலேயே அந்த வால்வைக் கடைந்து கொடுக்க இறங்கின. தையல் எந்திரத்துக்குப் பேர்போன நாகோயாவின் பிரதர் நிறுவனமும் அவற்றில் ஒன்று; அது அதற்குமுன் கார் உதிரிபாகமே செய்ததில்லை. ஒரு வாரத்துக்குள் கார்கள் மறுபடி உருளத் தொடங்கின.

இந்த நெருக்கம் நேற்று வந்ததன்று. டொயோட்டாவே தறி செய்த குடும்பத்திலிருந்து வந்த கம்பெனி: 1926-இல் தானியங்கித் தறி ஆலை, 1937-இல் கார் நிறுவனம். செத்தோ வட்டாரத்துக் குயவர்களின் களிமண் கைவேலை பீங்கான் தொழிலாகி, மின்கம்பங்களின் காப்பானாகி, எஞ்சினுக்குள் பொறி தட்டும் ஸ்பார்க் பிளக்காகவும் ஆயிற்று. இன்று போயிங் 787 விமானத்தின் இறக்கைகள் நாகோயாவில்தான் செய்யப்பட்டு, அதற்கென்றே வயிறு பெருக்க வைத்த ஒரு சரக்கு விமானத்தில் சென்ட்ரேரிலிருந்து அமெரிக்கா போகின்றன. ‘இணைப்பு வசதி’ என்று கையேடு சொல்வதன் சாரம் இதுதான், ஆனால் அதைப் படம்பிடித்துப் போட முடியாததால் ரயில் படத்தைப் போடுகிறார்கள்.

இதில் உங்களுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. இவ்வளவு நெருக்கமாகப் பின்னிய வலைக்குள் வெளியாள் நுழைவது கடினம். நாகோயாவில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துப் பெயர்ப்பலகை மாட்டினால் யாரும் கதவைத் தட்டமாட்டார்கள். உங்கள் பட்டறையிலிருந்து பிராஸ்பெக்டன் டொயோட்டா ஆலை சில கிலோமீட்டர் தொலைவுதான். ஆப்பிரிக்காவில் டொயோட்டாவின் விற்பனைப் பணிகளை 2019 முதல் கவனிக்கும் டொயோட்டா சுஷோ நிறுவனத்தின் தலைமையகமே நாகோயாவில் இருக்கிறது. ஆகவே இங்குள்ள ஆலைக்கோ அதற்குப் பொருள் கொடுக்கும் நிறுவனங்களில் ஒன்றுக்கோ அங்கீகரிக்கப்பட்ட சப்ளையராகி, உங்கள் தரப் பதிவேடுகளை அவர்கள் கேட்கும் முறையில் இரண்டு மூன்று ஆண்டுகள் வைத்துக் காட்டுவதே நாகோயாவுக்குப் போகும் குறுக்குவழி. சுற்றுவழி போலத் தோன்றும், அப்படி அன்று.

அதற்குப் பிறகு ஜெட்ரோ என்ற ஜப்பான் அரசின் வர்த்தக அமைப்பை அணுகலாம். ஜோகன்னஸ்பர்கில் அதற்கு அலுவலகம் இருக்கிறது. கம்பெனி தொடங்க வரும் வெளிநாட்டாருக்கு, தகுதி பார்த்து, நாகோயா உட்பட சில நகரங்களில் ஐம்பது வேலைநாள்வரை வாடகையில்லாமல் அலுவலக அறை தருகிறார்கள். சட்டம், வரி, வேலையாள் பற்றி முதற்கட்ட ஆலோசனையும் இலவசம். வாடிக்கையாளரைப் பிடித்துத் தருவது அவர்கள் வேலை அன்று. ஐம்பது நாளும் யார் யாரைச் சந்திப்பது என்று இங்கேயே பட்டியல் போட்டுக்கொண்டு போகிறவருக்கே அந்த அறையால் பயன்.

கேள்வி: ஏற்கெனவே பணக்கார வட்டாரம் என்கிறீர்கள். அப்படியிருக்க நம்மைப் போன்றவர்களை ஏன் கூப்பிடுகிறார்கள்? கேட்கும்போதே சந்தேகம் வருகிறதே.
– இசிப்பிங்கோ வாசகர்

பதில்: சந்தேகம் நியாயமானது, ஆனால் ஏமாற்று இல்லை. நாகோயா அமைந்துள்ள ஐச்சி மாநிலம் 1977 முதல் தொழிற்சாலைப் பொருள்களின் மதிப்பில் ஜப்பானில் முதலிடத்தை விட்டுக்கொடுத்ததில்லை. அந்தப் பெருமையே அவர்களுடைய கவலையும்கூட. மின்சாரக் காரில் எஞ்சின் இல்லை, புகைக்குழாய் இல்லை, ஸ்பார்க் பிளக் இல்லை. இவற்றைச் செய்து வாழும் ஆயிரக்கணக்கான பட்டறைகளுக்கு வேறு தொழில் வேண்டும். மக்கள்தொகையோ 2008-க்குப் பிறகு நாடு முழுவதும் குறைந்துகொண்டே போகிறது. உள்ளே வரும் அந்நிய முதலீட்டை நாட்டின் மொத்த உற்பத்தியோடு ஒப்பிட்டால், வளர்ந்த நாடுகளில் ஜப்பான் கடைசி வரிசையில் நிற்கிறது. 2003-இலிருந்தே அரசு இதை மாற்றப் பார்க்கிறது. 2030-க்குள் அந்நிய முதலீட்டின் இருப்பு 100 டிரில்லியன் யென்னை எட்ட வேண்டும் என்று 2023-இல் இலக்கு வைத்தார்கள். ஐச்சி, கிஃபு, மியே ஆகிய மூன்று மாநிலங்களில் பரவிய ஊர்கள் ஒன்றுசேர்ந்து ‘பெருநாகோயா’ என்ற ஒரே பெயரில் தங்களை விளம்பரப்படுத்துவதும் இதற்காகத்தான். டோக்கியோவின் பெயரை உலகமே அறியும், கரியாவை யார் அறிவார்?

2024 அக்டோபரில் நாகோயாவில் ஸ்டேஷன் ஏஐ என்ற மாபெரும் புதுத்தொழில் கூடத்தையும் திறந்திருக்கிறார்கள். ஆகவே அவர்கள் தேடுவது மென்பொருள், மின்கலம், எந்திர மனிதன் போன்ற துறைகளில் தங்களிடம் இல்லாத திறமையை. பணம் அவர்களிடம் தாராளமாக இருக்கிறது.

கேள்வி: நாங்கள் அக்காள் தங்கை இருவரும் மூன்று தலைமுறையாகக் கறி மசாலாத் தூள் அரைத்து விற்கிறோம். ஜப்பானியர் கறி விரும்பிகள் என்கிறார்களே, நாகோயாவில் கம்பெனி தொடங்கி, எங்களில் ஒருவர் அங்கேயே தங்கி விற்க முடியுமா? எவ்வளவு முதல் வேண்டும்?
– சாட்ஸ்வர்த் வாசகியர்

பதில்: கம்பெனி தொடங்குவது எளிது, தங்குவதுதான் கடினம் அம்மா. சட்டப்படி ஒரு யென் முதலிலேயே கம்பெனி பதியலாம். பங்கு நிறுவனமான கபுஷிகி கைஷாவுக்குப் பதிவு வரி குறைந்தது 1,50,000 யென். சிறியவர்களுக்கு ஏற்ற கோதோ கைஷாவுக்குக் குறைந்தது 60,000 யென். ஜப்பானில் குடியிருக்கும் இயக்குநர் ஒருவராவது வேண்டும் என்ற விதியும் 2015-இல் போய்விட்டது. ஆனால் அப்படிப் பதிந்த கம்பெனிக்கு வங்கிக் கணக்குத் திறப்பதற்குள் மூச்சு வாங்கும். உள்ளூரில் ஒருவர் இல்லாமல் பெரும்பாலான வங்கிகள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

உங்களில் ஒருவர் அங்கே தங்கி நிர்வகிக்க வேண்டுமானால் வணிக மேலாளர் விசா வேண்டும். இதற்கான முதல் 50 இலட்சம் யென்னாக இருந்தது. 2025 அக்டோபர் 16 முதல் 3 கோடி யென், அதாவது நம் பணத்தில் மூன்று மில்லியன் ரேண்டுக்கு மேல், என்று உயர்த்திவிட்டார்கள். முழுநேர ஊழியர் ஒருவரும் இருக்க வேண்டும், ஜப்பானிய மொழித் திறமையும் காட்ட வேண்டும். பழைய கையேடுகளில் இன்னும் 50 இலட்சம் என்றே அச்சாகியிருக்கும்; ஏமாந்துவிடாதீர்கள். நம் கடவுச்சீட்டுக்கு இணையத்தில் கிடைக்கும் மின்விசா சுற்றுலாவுக்கு மட்டுமே, அதைக் கொண்டு வியாபாரம் பேசப் போகக் கூடாது.

மூன்று மில்லியன் ரேண்டைக் கட்டடத்திலும் காகிதத்திலும் முடக்குவதைவிட, அங்குள்ள இறக்குமதியாளர் ஒருவர் வழியாக விற்பதே உங்களுக்கு நல்லது என்பது என் எண்ணம். நம் ரூய்போஸ் தேயிலையை அதிகம் வாங்கும் நாடுகளில் ஜப்பானும் ஒன்று. அது போய்ச் சேர்ந்த வழியும் இறக்குமதியாளர் வழிதான். மசாலாவில் இடறப்போவது மிளகாய். உணவு எதுவானாலும் அதில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு கிலோவுக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது ஜப்பான் வைத்திருக்கும் வரம்பு; பூச்சிமருந்து எச்சத்துக்கும் 2006 முதல் கடுமையான பட்டியல் இருக்கிறது. ஈரத்தோடு மூட்டை கட்டிய மிளகாய் இந்தச் சோதனையில் தேறாது. ஆகவே நாகோயாவைப் பற்றி யோசிப்பதற்கு முன், நீங்கள் மிளகாய் வாங்கும் இடத்தையும், அதை உலர்த்தும் விதத்தையும், நம்மூர்ச் சோதனைச்சாலையின் அறிக்கையையும் சரிசெய்யுங்கள்.

கறி விரும்பிகள் என்பது உண்மைதான். ஜப்பானின் மிகப் பெரிய கறிக்கடைச் சங்கிலியான கோகோ இச்சிபான்யா 1978-இல் தோன்றியதே நாகோயாவின் பக்கத்தில். ஆனால் அவர்களுடையது மாவு கரைத்துக் கெட்டியாக்கிய இனிப்புக் கறி; நம் வீட்டுக் குழம்பை நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். உங்கள் தூளின் காரத்தில் பாதியைக் குறைத்து ஒரு மாதிரி அரைத்துப் பாருங்கள். பாட்டி கோபித்துக்கொள்ளட்டும்.

கேள்வி: நிறவெறிக் காலத்தில் ஜப்பானியருக்கு ‘கௌரவ வெள்ளையர்’ என்று பட்டம் கொடுத்து, எங்களைத் துரத்திய தெருக்களில் அவர்களைக் குடியமர்த்தினார்கள். அவர்களோடு வியாபாரமா?
– வெருலம் வாசகர், வயது 81

பதில்: மறக்கச் சொல்ல மாட்டேன். 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானிய எஃகு ஆலை ஒன்று நம் நாட்டு வார்ப்பிரும்பை வாங்க ஒப்பந்தம் செய்ததையொட்டிக் கிடைத்த பட்டம் அது. வெட்கம் கொடுத்தவனுக்கு, பயன் வாங்கினவனுக்கு. இன்று பிராஸ்பெக்டன் ஆலையில் உங்கள் பேரப்பிள்ளைகளின் தோழர்கள் வேலை செய்கிறார்கள்; அவர்கள் நாகோயாவோடு பேசும்போது இந்த வரலாற்றையும் தெரிந்துகொண்டு பேசட்டும் என்பதே என் விருப்பம்.

கேள்வி: பூகம்பம், புயல் என்று ஜப்பானைப் பற்றிப் படிக்கிறோம். கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே?
– டோங்காட் வாசகர்

பதில்: விற்க வருகிறவர் சொல்ல மாட்டார், வாங்கப் போகிறவர் கேட்க வேண்டும். நாகோயாவின் தெற்கே கடலடியில் நன்காய் அகழி இருக்கிறது. அங்கே பெரும் பூகம்பமும் ஆழிப்பேரலையும் வரக்கூடும் என்று ஜப்பான் அரசே பல ஆண்டுகளாக எச்சரித்துவருகிறது. 1959 செப்டம்பர் 26 அன்று இசே விரிகுடாப் புயலில் மாண்டும் காணாமலும் போன ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரில் பெரும்பாலோர் இதே வட்டாரத்தவர்தான், தாழ்நிலங்களில் இருந்தவர்கள்; இன்றைய துறைமுகமும் ஆலைகளும் நிற்பதும் அங்கேதான்.

இயற்கை மட்டுமன்று. 2023 ஜூலை 4-ஆம் தேதி நாகோயாத் துறைமுகத்தின் கொள்கலன் முனையக் கணினிகளை, பணம் கேட்டு மிரட்டும் ஒரு பணயத் தீநிரல் முடக்கியது. இரண்டு நாளுக்கு மேல் கொள்கலன் வண்டிகள் வரிசையில் நின்றன. நமக்கு இது புதிதன்று: 2021 ஜூலையில் நம் துறைமுகங்களை நடத்தும் டிரான்ஸ்நெட் நிறுவனத்தின் கணினிகள் தாக்கப்பட்டபோது டர்பன் துறைமுகத்தில் ஏடும் பேனாவும் திரும்பி வந்தன. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் பிராஸ்பெக்டன் ஆலை மூழ்கி மாதக்கணக்கில் மூடிக்கிடந்ததையும் யாரும் மறந்திருக்க முடியாது. எல்லாம் ஓரிடத்தில் கூடியிருப்பதன் விலை இது, அங்கும் இங்கும்.

ஜப்பானில் ஒவ்வோர் ஊராட்சியும் வெள்ளம், அலை, நிலநடுக்கம் எந்தத் தெருவை எவ்வளவு தாக்கும் என்று அபாய வரைபடம் வெளியிடுகிறது. அது யார் கேட்டாலும் கிடைக்கும். அடுத்த கூட்டத்தில் கையேடு கொடுப்பவரிடம், அவர் காட்டும் தொழிற்பேட்டையின் பெயரைச் சொல்லி, அந்த வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். அங்கே காப்பீட்டுக்கு ஆண்டுக்கு எவ்வளவு ஆகும் என்றும் அப்போதே கேளுங்கள்.